வகுப்பறைத் துணிவு வரும் வழி

கல்வியியல் பயிலும் மாணவரைக் கண்டவுடன், "வகுப்பில் நிற்கத் துணிவு வந்துவிட்டதா?" என்று வினவாத பெரியோர் இலர். இக்கல்லூரித் தமிழ்த்துறையில் பட்டம் பெற்று, கல்வியியல் கல்லூரிக்குச் சென்று, இப்பொழுது பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கும் எங்களையும் அவ்வினா நாள்தோறும் பின்தொடர்கின்றது. வினவுவோர் நல்லெண்ணத்துடனேயே வினவுகின்றனர். எனினும், குரலை உயர்த்துவதும் கூச்சத்தை விடுவதுமே துணிவு என்னும் கருத்து அவ்வினாவினுள் ஒளிந்திருக்கின்றது. அதே கருத்து எங்களைப் பழக்கும் முறையினுள்ளும் குடிகொண்டிருப்பதால், அதனை இம்மலரின் வாயிலாகச் சற்றே ஆராய விழைகின்றோம்.

பள்ளிக்குச் செல்லுமுன் எங்களுக்கு வாய்ப்பது நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவர்தம் குழுவினரும் வகுத்த முறை இது. நம் நாட்டில் வழங்கும் சுற்று 36 நிமிடங்களைக் கொண்டது. 6 நிமிடம் கற்பித்து, 6 நிமிடம் குறைநிறை கேட்டு, 12 நிமிடம் திருத்தித் திட்டமிட்டு, மீண்டும் 6 நிமிடம் கற்பித்து, மீண்டும் 6 நிமிடம் கருத்துக் கேட்க வேண்டும். பாடம் தொடங்குதல், விளக்குதல், வினவுதல், கரும்பலகையில் எழுதுதல் என ஒவ்வொரு திறனையும் தனித்தனியே பழக்கும் இம்முறையைக் குறை கூறோம். கை நடுக்கமும் நாவறட்சியும் பெரும்பாலும் இங்கேதான் தீர்கின்றன. ஆயினும் எதிரே அமர்ந்திருப்போர் எங்கள் தோழர்களே. முதுகலைத் தமிழ் பயின்ற ஒருவர் ஆறாம் வகுப்பு மாணவராக நடித்து, "பெயர்ச்சொல் என்றால் என்ன?" என வினவுகின்றார். விடை அவருக்கும் தெரியும், கற்பிப்பவர்க்கும் தெரியும். அறியாதார் ஒருவரும் இல்லாத அவையில் அறிவித்தல் என்னும் தொழில் எங்ஙனம் நிகழும்?

பள்ளிக்குச் சென்ற பின்னரோ வேறொரு தடை வருகின்றது. அது வகுப்பின் கடைசி இருக்கையில் வந்து அமர்கின்றது. மேற்பார்வையாளர் வரும் நாளில் பாடக்குறிப்பேட்டுக்கு அட்டை மாறும். முந்தைய இரவு முழுவதும் வரைந்த வண்ணப் படங்கள் சுவரில் ஏறும். பாடம் மாணவரைத் தாண்டி அந்த ஓர் இருக்கையை நோக்கியே பறக்கும். மாணவரும் இதனை நன்கறிவர். அன்று மட்டும் அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, கேளா முன்னரே கை உயர்த்துவர். எங்கள்பால் அவர்கள் கொள்ளும் இரக்கம் அது! பாடம் முடிந்தபின் குறிப்பேட்டில் எழுதப்படுவன, குரல் தெளிவு, கரும்பலகை நன்று, துணைக்கருவி போதாது என்பன போன்ற தொடர்களே. மூன்றாம் வரிசையில் இருந்த சிறுமிக்குப் பாடம் விளங்கிற்றா என்பதற்கு அக்குறிப்பேட்டில் கட்டமே இல்லை. இவ்வாறு பல வாரங்கள் பழகுவோர்க்குத் துணிவு ஒன்று வரத்தான் செய்கின்றது. ஆனால் அது மேடைத் துணிவு.

வகுப்பறைத் துணிவு யாதென்பதை நாங்கள் கண்டது வட மாவட்டப் பள்ளியொன்றில். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் உருது பேசும் இல்லங்கள் மிகுதி என்பதை யாவரும் அறிவர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின், அவ்வில்லத்துப் பிள்ளைகளுக்கும் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் முயற்சி படிப்படியாக நடந்து வந்துள்ளது. வீட்டில் உருதும், தெருவில் தமிழும் கேட்டு வளரும் பிள்ளைகள் அவர்கள். ழகரமும் ளகரமும் உருதுவில் இல்லை. மதரஸாவில் வலமிருந்து இடமாக ஓதிய கண், பள்ளியில் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். இத்தகைய வகுப்பில் எங்களுள் ஒருவர் குற்றியலுகரம் நடத்தினார். வல்லின மெய்யின்மேல் ஏறிச் சொல்லின் இறுதியில் நிற்கும் உகரம் அரை மாத்திரையாகக் குறுகும் என்றும், தனிக்குறிலை அடுத்து வரின் குறுகாது என்றும் குறிப்பேட்டில் பிழையற எழுதப்பட்டிருந்தது. ஒரு மாணவி எழுந்தாள். "காசு, பசு, ரெண்டுலயும் சு தானே டீச்சர்? ஒண்ணு மட்டும் ஏன் குறையுது?"

மேற்பார்வையாளர் இருந்திருப்பின் விதியை மீண்டும் ஒருமுறை உரத்துச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கக் கூடும். அன்று கடைசி இருக்கை வெறுமையாக இருந்தது. பயிற்சி ஆசிரியர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "கையில் காசு இல்லை என்றால் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வாய்?" என வினவினார். "காசில்லை" என்றாள் சிறுமி. "வீட்டில் பசு இல்லை என்றால்?" "பசுவில்லை." வகுப்பே சிரித்தது. ஒன்றில் உகரம் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. மற்றொன்றில் அது அசையாமல் நிற்க, வகரம் வந்து இடையே சேர்ந்தது. பிள்ளைகளின் நா முன்னரே அறிந்திருந்த இலக்கணம் அது. மாடில்லை, பந்தில்லை, தெருவில்லை எனச் சொற்கள் நான்கு புறமிருந்தும் வந்தன. அப்போது ஒரு சிறுவன், "கதவில்லைன்னு சொல்றோமே, வு வல்லினம் இல்லையே?" என்றான். முற்றியலுகரமும் ஒரோவழி அவ்வாறு கெடும் என்பதை நன்னூல் சொல்லியிருக்கின்றது. தமிழ்த்துறையில் நன்னூலைப் பாடங்கேட்ட நாள்களில், ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று சலித்துக்கொண்டவர்கள் நாங்கள். அதற்கான விடையை உருது பேசும் இல்லத்துச் சிறுவன் ஒருவன் தந்துவிட்டான்.

அடுத்த வாரம் திசைச்சொல் பாடத்திலும் இதுவே நிகழ்ந்தது. வக்கீல், வசூல், பாக்கி, ஜாமீன், ரசீது, கைதி ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதி, இவற்றுள் உங்கள் வீட்டில் வழங்குவன எவை என்று கேட்டபொழுது, அதுவரை தமிழ்ப் பாடவேளையில் வாய் திறவாதிருந்த பிள்ளைகள் ஆசிரியராக மாறிப் பொருள் சொன்னார்கள். அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் தமிழுக்கு வந்து தங்கிய அச்சொற்கள், இவ்வகுப்பில் தமக்கும் இடமுண்டு என்ற எண்ணத்தை அவர்களுக்கு அளித்தன. அன்றுமுதல் பயிற்சி ஆசிரியரின் குரலிலும் தடுமாற்றம் இல்லை. எது முன், எது பின் என்று கேட்டால், மாணவர்தம் துணிவே முன் என்போம். ஆசிரியர்க்கு அது கடனாகக் கிடைத்தது.

எனவே, பேசப் பழகுவதினும் கேட்கப் பழகுவதே கடினம் என்பது எங்கள் கருத்து. 1970களில் மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர், வினா எழுப்பிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடியளவே என்றும், அதனை மூன்று நொடியாக நீட்டினால் மாணவரின் விடைகள் நீளுகின்றன, விடை கூறுவோர் தொகையும் கூடுகின்றது என்றும் கண்டறிந்தார். மூன்று நொடி எவ்வளவு நீண்டது என்பதை வகுப்பில் நின்றவரே அறிவர்! அந்த அமைதியைத் தன் தோல்வியெனக் கருதித் தானே விடை சொல்லிவிடும் பதற்றம், கடைசி இருக்கையில் மதிப்பெண் இடுபவர் அமர்ந்திருக்கும்போது இரு மடங்காகின்றது.

பவணந்தியார் இதனை எந்நாளோ உணர்ந்திருந்தார். பாடஞ்சொல்லும் முறையை உரைக்குமிடத்து, விரைதலும் வெகுளுதலும் ஆகா என்றும், கொள்வோன் கொள்ளும் வகையறிந்து அவன் உள்ளம் ஏற்குமாறு கொடுக்க வேண்டும் என்றும் அவர் வகுத்துள்ளார். மற்றொரு கணக்கும் அவரிடம் உண்டு. ஆசிரியரிடம் கேட்பதால் புலமையின் காற்பங்கும், உடன் பயில்வாருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கும் வாய்க்கும். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் நிரம்பும். ஐந்தாண்டுகள் தமிழ் பயின்றும் எங்கள் புலமையில் பாதி வகுப்பறையில் காத்திருந்தது என்பதை இப்பொழுது காண்கின்றோம்.

இனி, காலத்தைப் பற்றி ஒரு சொல். ஓராண்டாக இருந்த கல்வியியல் படிப்பு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 2015 முதல் ஈராண்டாயிற்று. பள்ளியில் கழிக்கும் காலம் முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16 என 20 வாரங்களாக உயர்ந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பைப் பேசுகின்றது. ஆண்டுகள் கூடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வாரங்கள் எவ்வாறு செலவாகின்றன? எங்களுள் சிலர் சென்ற பள்ளியொன்றில், விடுப்பில் சென்ற ஆசிரியரின் வகுப்பை அமைதியாக வைத்திருப்பதே பயிற்சியாயிற்று. காலையில் ஒன்பதாம் வகுப்பு, நண்பகலில் ஏழாம் வகுப்பு, மறுநாள் எவ்வகுப்போ தெரியாது. மாணவரின் பெயர் நாவில் படியுமுன் வகுப்பு மாறிவிடுகின்றது. பெயர் தெரியாத நாற்பது பேருக்கு முன் நிற்பவரிடம் துணிவை எதிர்பார்ப்பது முறையாகுமா?

மேற்பார்வையே வேண்டா என்பதன்று எங்கள் வழக்கு. மேற்பார்வையாளர் அடிக்கடி வரட்டும்; வந்து வந்து பழகிய முகமாகிவிட்டால் அவர் இருப்பதை வகுப்பு மறந்துவிடும். கையொப்பமிட்டுச் செல்லாமல், பாடம் முடிந்தபின் பத்து நிமிடம் அமர்ந்து, எந்த மாணவர் என்ன கேட்டார், அதற்கு ஏன் அவ்விடை சொல்லப்பட்டது என்று உரையாடட்டும். அவ்வுரையாடலை அப்பள்ளியின் தமிழாசிரியரே நடத்துவாராயின் இன்னும் நன்று. அந்தப் பிள்ளைகளை அவர் அளவுக்கு அறிந்தவர் வேறு யார்?

சமுதாயப் பெரியோர்களிடம் எங்கள் விண்ணப்பம் ஒன்றுண்டு. கல்லூரிகளை நடத்தும் நம் அறக்கட்டளைகள் பல, பள்ளிகளையும் நடத்தி வருகின்றன. பயிற்சிக்கு வரும் ஆசிரிய மாணவரைப் பாடத்திட்டத்துக்கு இடையூறு என்று எண்ணித் தேர்வு வகுப்புகளிலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் அங்கும் உண்டு. பொதுத்தேர்வு பற்றிய நிர்வாகத்தின் கவலையும் நியாயமானதே. ஆதலின் பத்தாம் வகுப்பைக் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பின் ஒரு பிரிவை, தமிழ்ப் பாடத்துக்கு மட்டுமேனும், அந்த 16 வாரங்களும் மாற்றாமல் ஒருவரிடமே ஒப்படைத்து, அவ்வகுப்பின் தமிழாசிரியரை வழிகாட்டியாக அமைத்துத் தர வேண்டுகின்றோம். முதல் வாரம் முடியுமுன் அப்பிரிவின் மாணவர் பெயர் அனைத்தையும் நாங்கள் மனப்பாடமாக ஒப்பிப்போம்.