எண் பொருந்தினால்தான் அசல்

இரும்பை என்ற ஊரின் மாகாளேஸ்வரர் கோயிலில், கடுவெளிச் சித்தரின் சினத்தால் பிளந்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் இறுக்கி இன்றும் வழிபடுகிறார்கள். புதிதாக ஒன்றை வைத்திருந்தால் அந்தக் கதைக்குச் சாட்சியே இருந்திருக்காது. பழைய போர்த் துப்பாக்கிகளுக்கும் இந்த மரியாதை வேண்டும். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற 'நம்பர் 4 மார்க் 1 டி' ரகத்தைப் பாருங்கள். குறி தவறாத லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளைப் பொறுக்கியெடுத்து, 1942 முதல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் தொலைநோக்கி பொருத்திக் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகும் நம் ராணுவத்தில் அது இருந்தது. தொலைநோக்கியைத் தாங்கும் இரும்புப் பிடியில் துப்பாக்கியின் எண்ணும், பின்புற மரக்கட்டையின் கழுத்தில் தொலைநோக்கியின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். பிடியிலுள்ள எண் துப்பாக்கியோடும், கட்டையிலுள்ள எண் தொலைநோக்கியோடும் ஒத்துப்போனால் அது பிறவி ஜோடி. உடலின் இடப்பக்கத்தில் 'டி' முத்திரை, கட்டையின் அடியில் 'எஸ் 51' என்ற குறியீடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முத்திரையைப் போலியாக அடிப்பது எளிது. ஆகவே எழுத்தின் ஆழம், ஓரத் தேய்மானம், திருகுகளின் பழமை எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் சேர்த்துப் பார்ப்பதே முறை. சாதாரண லீ-என்ஃபீல்டில் நகல் தொலைநோக்கியை மாட்டிவிட்டால் வெறுங்கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நம் அருங்காட்சியகங்கள் 'பழைய துப்பாக்கி' என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், இந்த எண்களையும் அட்டையில் அச்சிட வேண்டும். உறுப்பு மாற்றப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதட்டும்.