குறுக்குக் கோடும் கோணமானியும்



சென்ற மாதம் என் வகுப்பில் கோணப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், படத்திலே துப்பாக்கி மேலே உள்ள குழல் வழியா பார்த்து, குறுக்குக் கோட்டை ஆள் மேலே வச்சுச் சுடறாங்களே, குண்டு நேரா அங்கேயே போயிடுமா?" என்று கேட்டான். "போகும், உட்கார். பாடத்தைக் கவனி" என்றேன். வீட்டுக்கு வந்ததும் மனம் உறுத்தியது. எனக்குத் தெரியாததை மறைக்கத்தான் அதட்டினேன். பிறகு தேடிப் படித்தேன். நான் சொன்னது தவறு. (பெற்றோர் பயப்பட வேண்டாம். உரிமமில்லாமல் துப்பாக்கியைத் தொட்டால் நம் நாட்டுச் சட்டம் சும்மா விடாது. கணக்குக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.)

இங்கிலாந்தில் பிஸ்லி என்ற ஊரில் 1890 முதல் சுடும் போட்டிகள் நடந்து வருகின்றன. அங்குள்ள ஒரு திடலில் 1200 கஜம் வரை தள்ளி இலக்கு வைப்பார்கள். புகழ்பெற்ற அரசர் பரிசுக்கு இந்தக் குழலே கிடையாது; சிறு துளை வழியே பார்த்துத்தான் சுட வேண்டும். குழல் வைத்துச் சுடும் போட்டிகள் வேறு. அவற்றில் ஒன்றான 'எஃப் கிளாஸ்', கனடாவின் ஃபார்குவார்சன் என்பவர் தொடங்கியது. அவர் பெயரின் முதல் எழுத்துத்தான் அந்த 'எஃப்'.

குண்டு நேராகப் போவதில்லை. வாயை விட்டுக் கிளம்பியதுமே பூமி அதைக் கீழே இழுக்கிறது. 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 100 கஜத்தில் குறியைச் சரிசெய்து வைத்துவிட்டு, அதே குறியில் 1000 கஜத்துக்குச் சுட்டால், குண்டு 30 அடிக்கு மேல் தாழ்ந்து விழும். பக்கத்திலிருந்து மணிக்கு பத்து மைல் வேகத்தில் காற்றடித்தால் ஏழெட்டு அடி ஒதுங்கியும் போகும்.

இதைச் சரிக்கட்டத்தான் குழலின் மேலே ஒரு குமிழும் பக்கத்தில் ஒரு குமிழும் இருக்கின்றன. திருகினால் 'க்ளிக்' என்று ஒரு படி நகரும். உள்ளே இருக்கும் சிறு குழலைத் திருகாணி ஒருபுறம் அழுத்த, எதிர்ப்புறத்தில் ஒரு சுருள்வில் தாங்கி நிற்கும். இதனால் துப்பாக்கிக் குழாய் நகர்வதில்லை. நம் பார்வைக் கோடுதான் சற்றுச் சாய்கிறது. குறுக்குக் கோட்டை மறுபடி இலக்கில் வைக்கப் போனால் நம் கையே குழாயைத் தூக்கிவிடும். எனக்கு இது விளங்க இரண்டு நாள் பிடித்தது.

இனிக் கோணமானிக்கு வருவோம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நிமிடம். பல குழல்களில் ஒரு க்ளிக் என்பது அந்த நிமிடத்தில் கால் பங்கு. ஒரு நிமிடக் கோணம் 100 கஜத்தில் ஓர் அங்குலம் விரியும். 1000 கஜத்தில் சுமார் பத்து அங்குலம். ஆகவே க்ளிக் என்பது அங்குலக் கணக்கு அல்ல, கோணக் கணக்கு. பள்ளித் திடலில் ஓர் ஆணியில் இரண்டு கயிறு கட்டி, ஒரு பாகை விரித்து இழுத்துக் காட்டினேன். 57 அடி போனதும் நடுவே ஓர் அடி இடைவெளி. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

புதிதாகச் சுடுபவர்கள் ஒரு தவறு செய்வார்களாம். முதல் குண்டு இடப்பக்கம் விழுந்தால் உடனே குமிழை வலப்பக்கம் திருகுவார்கள். அடுத்தது வலப்பக்கம் விழும். மறுபடி இடப்பக்கம் திருகுவார்கள். அனுபவசாலி அப்படிச் செய்வதில்லை. குமிழைத் தொடாமல் மூன்று, ஐந்து குண்டுகள் சுட்டு, அவை கூட்டமாக எங்கே விழுகின்றன என்று பார்த்து, அந்தக் கூட்டத்தின் நடுவை வைத்துத்தான் திருகுவார். ஒரே ஒரு குண்டு விலகினால் அது மூச்சின் குற்றமாக இருக்கலாம், விரலின் குற்றமாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். இதைப் படித்தபோது, ஒரே ஒரு சோதனைத் தாளைப் பார்த்து நான் பின்வரிசைக்கு அனுப்பிய பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

மறுவாரம் வகுப்பில், "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு ஒரு கணக்குக் கொடுத்தேன். 1000 கஜத்தில் குண்டுகள் 20 அங்குலம் இடப்பக்கம் விழுகின்றன. எத்தனை க்ளிக் வலப்பக்கம் திருக வேண்டும்? அவன் சரியாக எட்டு என்று எழுதினான். வகுப்பில் பாதிப் பேர் தூரத்தை மறந்து 80 என்று எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை மறுபடி கயிறு கட்ட வேண்டும்.