வயலுக்கு உரம், ஊருக்கு விஷம்!

2025-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் தலைநகரான டெமாய்ன் வட்டாரத்தில் ஓர் உத்தரவு பிறந்தது. வீட்டுப் புல்தரைக்கு யாரும் தண்ணீர் விடக்கூடாது!

ஆறு வற்றிவிட்டதா? இல்லை. ஆற்று நீரில் நைட்ரேட் உப்பு அளவுக்கு மீறிவிட்டது. அதைப் பிரித்தெடுத்து, வீடுகளுக்குப் போதிய நல்ல தண்ணீர் கொடுக்க முடியவில்லை. லிட்டருக்கு 10 மில்லிகிராம் (நைட்ரஜன் கணக்கில்) என்பது அங்கே சட்டம் வகுத்த எல்லை.

உப்பு எங்கிருந்து வந்தது? வயலில் இருந்துதான். அயோவாவில் எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம், சோயா. சோளத்துக்கு ரசாயன உரம் கொட்டுகிறார்கள். பன்றிப் பண்ணைக் கழிவு வேறு! பயிர் தின்றது போக மிச்சம் மழைநீரில் கரைகிறது. அது ஈர மண். அதனால் வயலுக்கு அடியில் குழாய் புதைத்து நீரை வடிக்கிறார்கள். அந்தக் குழாய் வழியே உப்பும் ஓடைக்கு வந்து, ரக்கூன் ஆற்றில் கலக்கிறது. நகர மக்கள் குடிப்பது அந்தத் தண்ணீர்!

நீலக் குழந்தை

நைட்ரேட்டுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் வீரியம் கூடும்! கைக்குழந்தையின் வயிற்றில் அது சேர்ந்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரித்துவிடும். கிணற்று நீரில் கரைத்த பாலால் குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை 1945-ல் எழுதி வெளியிட்டவர் கோம்லி என்ற டாக்டர். அவர் இருந்ததும் அதே அயோவாதான்! ஆகவே, விஷயம் தெரியாது என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

1990-களின் தொடக்கத்திலேயே, உப்பைப் பிரிக்க நகரக் குடிநீர் நிலையம் பெரிய ஆலை கட்டியது. அதை ஓட்டும் செலவு யார் தலையில்? தண்ணீர்க் கட்டணம் கட்டும் குடித்தனக்காரர் தலையில்!

பொறுக்க முடியாமல், வடிகால்களை நிர்வகிக்கும் 3 கவுண்டிகள் மீது 2015-ல் வழக்குப் போட்டார்கள். 2017-ல் அது தள்ளுபடி ஆயிற்று. வடிகால் வாரியங்களிடம் நஷ்ட ஈடு வாங்கச் சட்டத்தில் இடம் இல்லையாம்!

தொழிற்சாலைக் குழாய் ஆற்றில் வடிந்தால் அரசாங்க அனுமதி வேண்டும். வயல் குழாய்க்கு வேண்டாம். இது என்ன நியாயம்?

விவசாயியைத் தண்டிக்க வேண்டியதில்லை. ஆற்றோடு போவது அவர் காசு கொடுத்து வாங்கிய உரம்தானே! அறுவடைக்குப் பின் மண்ணை வெறுமனே போடாமல் மூடு பயிர் விதைக்கலாம். குழாய் வடியும் இடத்தில் சதுப்புக் குட்டை வெட்டலாம். இரண்டும் நைட்ரேட்டைக் குறைக்கும். ஆனால் மாநில அரசாங்கமோ இதை எல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறது.

இஷ்டம் போதாது. இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். குட்டை வெட்டும் செலவில் ஒரு பங்கை உரம் விற்கிற கம்பெனிகளும் கொடுக்கட்டும்.