விடுமுறை நாட்களில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?



பள்ளிக்கூடங்கள் மூடிவிட்டன. காலை பத்து மணிக்கே வெயில் தெருவில் நிற்கவொட்டாமல் விரட்டுகிறது. வீட்டிலோ இரண்டே அறைகள். அவற்றில் ஆறேழு பேர். மாநகரத்தில் வாழும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். சமையலறையில் அம்மாவுக்கு அமைதி வேண்டும். முன்னறையில் பாட்டியாருக்கு உறக்கம் வேண்டும். ஆகவே பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். சத்தம் ஓய்ந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கும் அந்தச் சிறு வெளிச்சம் போர்வைக்குள் எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு துணுக்குறுகிறது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. விடுமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் வருவதில்லை. பத்து வயதுப் பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவிடுகிறான். அவனுடைய அக்காளுக்கோ பன்னிரண்டு வயது ஆனதும் தெரு அடைபட்டுவிடுகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரும் சன்னல் கம்பியும் அவளுக்கு எல்லை. "பெண் பிள்ளையை எங்கே தனியாக அனுப்புவது?" என்று கேட்பீர்கள். தனியாக அனுப்பச் சொல்லவில்லை. அழைத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறோம். தாயோ தந்தையோ உடன் வர, இரண்டு மணி நேரம் வெளியே போய்வரும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. தம்பிக்கு அது நாள்தோறும் கேட்காமலே கிடைக்கிறது.

எங்கே போவது? ஐந்நூறு ரூபாய்க்கு ஓர் அட்டை வாங்கி, அரை மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அழும் பிள்ளையை இழுத்துக்கொண்டு திரும்பும் பேரங்காடிகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நடந்தே போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் பேச்சு. சான்றுக்காகச் சென்னைத் திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்வோம். நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழும் வட்டாரம் அது. அங்கே வாழ்வோர்க்கே அதன் அருமை முழுவதும் தெரியுமா என்பது ஐயந்தான்.

முதலில் பெரிய பள்ளிவாசல். வாலாஜா நவாபின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் எழுப்பிய இந்தப் பள்ளி, மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே கட்டப்பட்டது என்று சொல்வர். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் அடக்கத்தலமும் அவ்வளாகத்தில்தான் உள்ளது. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது வேறொன்று. பள்ளிக்குள்ளே பதிக்கப்பட்டுள்ள பார்சிக் கல்வெட்டில், கட்டப்பட்ட ஆண்டு எண்ணால் குறிக்கப்படாமல் சொற்களுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு: அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3, தாலுக்கு 4 என்று தொடங்கும் அப்ஜத் கணக்கு அது. அக்கல்வெட்டின் மூன்று சொற்கள் முறையே 920, 66, 223 என்ற மதிப்புடையவை. கூட்டினால் 1209 வரும். அதுவே ஹிஜ்ரி ஆண்டு. எந்த மூன்று சொற்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 66 என்ற எண்ணைக் கண்டதுமே மக்தபுக்குப் போகும் பிள்ளை ஒரு சொல்லைச் சொல்லிவிடும்.

இந்தச் சொல்விளையாட்டைப் புனைந்தவர் நவாபின் அவையிலிருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகனார். ரமளானில் இதே பள்ளியில் நோன்பு திறக்கும் உணவைச் சிந்தி இனத்து இந்து அன்பர்கள் பல பத்தாண்டுகளாகப் பரிமாறி வருகின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைக் கணக்கிடட்டும். அலி என்றால் 110. அஹ்மத் என்றால் 53. ஃபாத்திமா என்றால் 135. இது குறி பார்ப்பதற்கான கணக்கு அன்று; அந்தப் பக்கம் போக விடாதீர்கள். ஆண்டுகளை நினைவில் வைக்க அறிஞர்கள் கையாண்ட கலை, அவ்வளவே. கல்வெட்டைக் காணக் குடும்பத்தோடு செல்வோர் தொழுகை வேளையைத் தவிர்த்து, பள்ளி நிர்வாகத்தாரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்வது முறை. இயலாவிடில் தந்தை படியெடுத்து வரட்டும். கணக்கைப் பிள்ளைகள் போடட்டும்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் ஐஸ் ஹவுஸ். பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே அதை அறிந்திருக்கிறோம். ஏன் அந்தப் பெயர் என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, ஏறத்தாழ நான்கு மாதம் கப்பலில் ஏற்றி வந்து சென்னையில் விற்றார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர் நடத்திய வியாபாரம் அது. அப்பனியைச் சேமித்து வைக்க 1842இல் எழுப்பிய கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு கடலைப் பார்த்து நிற்கிறது. நம்ப முடியவில்லை என்று பிள்ளை சொல்லும். சொல்லட்டும். தச்சுப் பட்டறையில் ஒரு பை உலர்ந்த மரத்தூள் கேட்டு வாங்கி வாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளைத் தனித்தனி உறைகளில் கட்டி, ஒன்றை மரத்தூளுக்குள் ஆழப் புதைத்து, மற்றொன்றை வெறும் கிண்ணத்தில் வையுங்கள். கால்மணிக்கு ஒருமுறை எது எவ்வளவு கரைந்தது என்று எழுதச் சொல்லுங்கள். தூளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதைவிட அந்தக் கிண்ணம் தெளிவாகச் சொல்லும். வெயில் கொளுத்தும் நண்பகலில் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியது என்பது இதிலுள்ள வசதி.

கடை வைத்திருக்கும் தந்தையர் ஒரு குறை சொல்வதுண்டு: "பத்து மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்துக்குத்தான் வீடு. எனக்கு ஏது நேரம்?" அவர்களுக்காகவே சுப்ஹுத் தொழுகைக்குப் பிந்திய வேளை இருக்கிறது. கடற்கரையை ஒட்டித் தெற்கே போனால் நொச்சிக்குப்பம். மெரினா வளைவுச் சாலையில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மீன் அங்காடி அங்கேதான். விடியலில் ஃபைபர் படகுகள் கரையேறுவதையும், வலையிலிருந்து மீன் பிரிப்பதையும் மகளும் மகனும் பார்க்கட்டும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, வாளை, கானாங்கெளுத்தி என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துப் புது மீனைக் கண்டறியும் வித்தையைக் கற்றுக்கொடுங்கள். சுறாவுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான் என்று சொல்லுங்கள். நண்டைத் திருப்பிப் போட்டு அடிவயிற்று மடலைப் பார்த்தால், குறுகலாயிருப்பது ஆண், அகன்றிருப்பது பெண். நண்டை உண்பதில் ஷாஃபிஈ வீட்டுக்கும் ஹனஃபீ வீட்டுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பார்ப்பதில் யாருக்கும் வேறுபாடில்லை!

இம்மாதத்தில் போனால் விலையைக் கேட்டு நீங்களே திகைப்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் அரசு விதித்த கட்டுப்பாடு அது. சிறு படகுகள் மட்டுமே போய்வருகின்றன. வரத்துக் குறைவு, விலை ஏற்றம். கடலுக்கும் விடுமுறை உண்டு என்பதைப் பிள்ளைகள் மீன்காரம்மாவின் வாயாலேயே கேட்டறியட்டும். எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம், கடைக்கும் தாமதமில்லை.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது வெறும் சடங்கு அன்று. கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் திடீரென மிகும். அலை திரும்பும்போது இழுப்பும் கடுமை. விடுமுறையில் நண்பர்களோடு போன சிறுவர்கள் மீளாமற்போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. "கால் மட்டும் நனைக்கிறேன்" என்ற சொல்லை நம்பி, கூட்டாளிகளோடு எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். நீச்சல் கற்க வேண்டுமா? கடற்கரையிலேயே மாநகராட்சியின் நீச்சல் குளம் இருக்கிறது. பயிற்சியும் பெண்களுக்குத் தனி நேரமும் உண்டா என்பதை நேரில் விசாரித்துச் சேருங்கள்.

மணலில் ஆட வேண்டியது காத்தாடி. நண்பகலுக்குப் பின் கடற்காற்று வீசத் தொடங்கினால் அஸருக்குப் பிறகு அருமையாகப் பறக்கும். மூங்கில் குச்சியும் மெல்லிய தாளும் பசையும் போதும்; வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நூல் வெறும் பருத்தி நூலாக இருக்கட்டும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் சாலையில் போவோரின் கழுத்தை அறுத்துக் குழந்தைகளையும் கொன்றிருக்கிறது. காவல்துறை அதைத் தடை செய்திருப்பது ஒருபுறமிருக்க, நம் மாடியிலிருந்து போன நூல் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கழுத்துக்கு வந்தால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் முஹம்மதன் பொது நூலகம் என்று ஒன்று உண்டு. அரபு, பார்சி, உருது நூல்களும் பழைய கையெழுத்துப் படிகளும் கொண்டது. எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் முயற்சியால் 1850இல் தோன்றியது. அதே பால்ஃபர்தான் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர். அங்கே உயிருள்ள புலியைக் காணக் கூட்டம் முண்டியடிப்பதைக் கண்ட அவர், 1855இல் ஒரு விலங்குக் காட்சிச்சாலையையே தொடங்கிவிட்டார். கர்நாடக நவாபும் தம்மிடமிருந்த விலங்குகளை அதற்கு வழங்கினார். அதன் வழித்தோன்றலே இன்றைய வண்டலூர் பூங்கா. ஆகவே வண்டலூரில் புலியைப் பார்க்கும் பிள்ளையிடம், இந்தக் கதை நம் தெருவுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் திமிங்கில எலும்புக்கூடும் உள்ளன. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிக் குழந்தைகளைக் களைப்படையச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு கூடங்கள் போதும். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆவுக்குப் பிறகு குடும்பத்தோடு கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டாம். வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை.

வெயில் தாளாத நாளுக்கு ஏற்றது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறக்கப்பட்டது, குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. திருவல்லிக்கேணி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் மாறாமலே கோட்டூர்புரம் போய் இறங்கலாம். வீட்டுக் கூரைகளுக்கு மேலே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகும் அந்தப் பயணமே சிறுவர்களுக்குப் பாதி மகிழ்ச்சி. பேருந்தில் செல்ல விரும்பும் தாய்மார்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணமில்லை. அம்மாவும் இரண்டு மகள்களும் ஒரு காசு செலவின்றி நூலகம் போய்வரலாம் என்னும்போது, செலவைக் காரணம் காட்ட இடமேது?

பக்கத்து வீட்டாரோடு பேசி மூன்று குடும்பங்கள் ஒன்று சேர்ந்துகொள்வது நலம். ஒரு வாரம் ஒரு தாய், மறுவாரம் இன்னொருவர் என்று முறை வைத்தால் எவர்க்கும் சுமையில்லை. வளர்ந்த பெண்களுக்கும் துணை கிடைக்கும். எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்களேனும் வேண்டும். சிறியவர்களின் சட்டைப்பையில் தந்தையின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் பேரீச்சம்பழமும் பொரியும் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணுங்கள். அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் மக்ரிபுக்கு வீடு வந்துவிடலாம்.