இடுப்பு மூட்டு வலிக்கு ஓய்வு மருந்தாகுமா?

"இடுப்பு வலிக்குது" என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னால், முதுகுக்குக் கீழே பூசத் தைலமும் விழுங்க நாலு மாத்திரையும் கிடைக்கும். கூடவே "வேலையைக் குறைத்து ஓய்வெடு" என்ற புத்திமதியும் வரும். தைலம் போகட்டும். அந்தப் புத்திமதியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

நாம் இடுப்பு என்று சொல்வது பெரும்பாலும் நாரியைத்தான். இடுப்பு மூட்டு வேறு. தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தும் இடம் அது. அது தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரிந்து ஆளை ஏமாற்றும். குந்த முடியாது, செருப்பு மாட்டக் குனிய முடியாது, காலையில் எழுந்ததும் சற்று நேரம் கால் இறுகிக் கிடக்கும்.

இது உழைப்பாளியின் நோய். பல்லாண்டு விவசாயம் செய்தவர்களின் இடுப்பு மூட்டு மற்றவர்களுடையதைவிட அதிகம் தேய்கிறது என்பதை 1992இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆசிய மக்களிடம் முழங்கால் தேய்வே அதிகம் என்பது உண்மை. அதற்காக, கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய பெண்ணின் தொடை இடுக்கு வலியை "வயசாகிவிட்டது" என்று தள்ளிவிடுவது நியாயமல்ல.

"நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குகிறோம், இதற்கு மேல் என்ன பயிற்சி?" என்று பெண்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் வேலையில் பாரத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பது நிறுவைத் தராசு. நோகிறது என்று பாதியில் நிறுத்தினால் அரைப் பேர்தான். பயிற்சியில் அளவு நம் கையில். மூட்டைத் தாங்கும் பிட்டத் தசைகளையும் தொடைத் தசைகளையும் குறிவைத்து, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஒரேயடியாக ஓய்வெடுத்தால் இந்தத் தசைகள் மெலியும், மூட்டு மேலும் இறுகும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் வீடிழந்தவர்கள் ஒரே நாளில் தோட்டத்தையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு முகாமின் பாய்க்கு வந்தார்கள். செய்ய வேலையில்லை, நடக்க இடமில்லை. உட்கார்ந்தே இருந்தால் எந்த மூட்டும் இறுகத்தான் செய்யும்.

பயிற்சிக்கு இயந்திரம் வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பிட்டத்தை மெல்லத் தூக்கி இறக்குங்கள். நோகாத பக்கமாகச் சரிந்து படுத்து, நோகும் காலை நேராக உயர்த்துங்கள். கதவு நிலையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் அசையுங்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, வாரத்தில் மூன்று நாள். செய்யும்போது கொஞ்சம் நோவது தவறல்ல. மறுநாளும் அந்த நோவு கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள். இரண்டு மூன்று மாதம் செய்யாமல் பலனில்லை என்று சொல்லாதீர்கள். கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். பலர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

தேய்ந்த மூட்டு இதனால் புதிதாகிவிடாது. 2014இல் பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வலி ஓரளவே குறைந்தது தெரிந்தது. அந்த ஓரளவு, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்காமல் கிடைக்கிறது; நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டல், மூட்டுத் தேய்வுள்ள எல்லோருக்கும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. விழுந்தபின் கால் ஊன்ற முடியாதவர்களும், காய்ச்சலோடு மூட்டு நோபவர்களும் பயிற்சியைத் தொடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நுவரெலியா, டிக்கோயா போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது, பஸ் காசும் போகிறது. பயிற்சியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்தால் என்ன? டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய திட்டத்தில், நோயாளிகள் குழுவாகக் கூடி, இயன்மருத்துவரின் மேற்பார்வையில் வாரம் இருமுறை, ஆறு வாரம் பயிற்சி செய்கிறார்கள். நமக்குப் பிள்ளைக் காம்பராவின் விறாந்தை போதும். இயன்மருத்துவர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து கற்றுக்கொடுக்க, மாதர் சங்கத்தில் இருவர் பழகிக்கொண்டு மற்றவர்களை நடத்தலாம். அந்த நேரத்துக்குப் பேர் வெட்டக்கூடாது என்பதையும் தோட்ட நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள்.