விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யிலேயே இருக்கட்டும்

சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் விண்டோஸை வைத்துக் கொண்டு, ஹார்ட் டிஸ்க்கை மற்ற பைல்களுக்கு என ஒதுக்குவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகி விட்டது. பயன்படுத்திய கம்ப்யூட்டரை வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் சொல்லும் முதல் யோசனையும் இதுதான். நல்ல யோசனை. ஆனால் சில மாதங்கள் கழித்து சி டிரைவின் கோடு சிவப்பாக மாறியவுடன், "இடம் போதவில்லை, விண்டோஸை மறுபடியும் ஹார்ட் டிஸ்க்கிற்கே மாற்றி விடலாமா?" என்று கேட்கத் தொடங்கி விடுகிறார்கள். நான் எழுதுவது சாப்ட்வேர். ஆனாலும் "கம்ப்யூட்டர் படித்தவன்" என்பதால் உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தரும் பதில், வேண்டாம் என்பதே. வெளியேற வேண்டியது விண்டோஸ் அல்ல. உங்கள் போட்டோக்களும் வீடியோக்களும்தான்.

காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே வட்டத் தகடுகள் சுழல்கின்றன. டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 சுற்றுகள், லேப்டாப்பில் 5,400. ஒரு பைலைப் படிக்க, ஹெட் என்னும் முனை சரியான இடத்திற்கு நகர வேண்டும். பிறகு தகடு சுழன்று அந்த இடம் முனைக்குக் கீழே வர வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 12 மில்லி செகண்ட் ஆகும். அப்படியானால் ஒரு செகண்டில் சிதறிக் கிடக்கும் 80 இடங்களைத்தான் அதனால் படிக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு இடத்தைப் படிக்க 0.1 மில்லி செகண்ட் அளவே ஆகிறது.

விண்டோஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சிறிய பைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க் திணறுவது இந்த இடத்தில்தான். ஒரு போட்டோவோ திரைப்படமோ அப்படி இல்லை. அது ஒரே பெரிய பைல். பெரும்பாலும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதனைப் படிக்க சாதாரண ஹார்ட் டிஸ்க்கே செகண்டிற்கு 100 எம்.பி.க்கு மேல் தரும். 5 எம்.பி. போட்டோ எதிலிருந்து திறந்தாலும் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கிற்கு அனுப்பி விட்டு, போட்டோக்களை எஸ்.எஸ்.டி.யில் வைப்பது, வேகமாக ஓடுபவனை உட்கார வைத்து விட்டு நொண்டியை ஓடச் சொல்வது போன்றது.

சரி, 120 ஜிபி எஸ்.எஸ்.டி. போதுமா? முதலில் ஒன்று. 120 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும். விண்டோஸ் 111 என்று காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் 1000 என்ற கணக்கில் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024 என்ற கணக்கில் வகுக்கிறது. விண்டோஸ் 11 நிறுவ மைக்ரோசாப்ட் கேட்கும் குறைந்த அளவு 64 ஜிபி. அதன் மேல் பிரவுசர், ஆபீஸ் தொகுப்பு, தமிழ் டைப்பிங் சாப்ட்வேர் எல்லாம் போட்டாலும் வீட்டு உபயோகத்திற்கு 111 ஜிபியில் சமாளிக்கலாம். 240 வாங்க முடிந்தால் நிம்மதி. எதுவானாலும் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள், நிரம்பிய எஸ்.எஸ்.டி. மெதுவாகும், விண்டோஸ் அப்டேட்டும் இடம் இல்லாமல் நின்று விடும்.

இனி, மாற்றும் வேலை. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் போல்டரைக் காப்பி செய்து எஸ்.எஸ்.டி.யில் பேஸ்ட் செய்தால் அது பூட் ஆகாது. பூட் செய்வதற்கான தகவல்கள் தனியாக ஒரு சிறிய பார்ட்டிஷனில் இருக்கின்றன. மை கம்ப்யூட்டரில் அது கண்ணில் படாது. எனவே குளோன் செய்ய வேண்டும், அல்லது புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழியையே. 1 டெரா பைட் ஹார்ட் டிஸ்க்கில் 300 ஜிபி நிரம்பியிருந்தால், முதலில் போட்டோக்களை வேறு இடத்திற்குக் காப்பி செய்து, பழைய இடத்தில் நீக்கினால்தான் 120 ஜிபிக்குள் குளோன் செய்யவே முடியும். பலரும் பரிந்துரைத்து வந்த மேக்ரியம் ரிப்ளெக்ட் இலவசப் பதிப்பும் 2024 ஜனவரியோடு முடிந்து விட்டது. சாம்சங், க்ரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்.எஸ்.டி. வாங்குபவர்களுக்குக் குளோன் சாப்ட்வேரை இலவசமாகத் தருகின்றன. குளோன்தான் வேண்டும் என்பவர்கள் அதனைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டைப் பார்த்துத்தான் உங்களை அடையாளம் காண்கிறது; டிஸ்க்கை மாற்றினால் அது போய் விடாது.

புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பவரை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி விட்டு, எஸ்.எஸ்.டி. மட்டும் இருக்கும் நிலையில் இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டும் இணைந்திருந்தால், விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் உட்கார்ந்து கொண்டு, தன் பூட் பார்ட்டிஷனை ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டு விடுவது உண்டு. எல்லாம் ஒழுங்காக இயங்கும். என்றைக்காவது ஹார்ட் டிஸ்க் பழுதாகும்போதுதான், எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. குளோன் செய்பவர்களும் முதல் முறை எஸ்.எஸ்.டி.யை மட்டும் வைத்துத்தான் பூட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய விண்டோஸே திறந்து கொண்டு, "பணம் போட்டும் வேகம் வரவில்லையே" என்று நீங்கள் புலம்ப வேண்டியிருக்கும்.

தமிழில் டைப் செய்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதம், கவிதை, சங்கக் கணக்கு எதுவானாலும், அந்த எழுத்துரு இல்லாத புதிய விண்டோஸில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பைல் கெட்டு விட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். பழைய விண்டோஸில் உள்ள பாண்ட்ஸ் போல்டரிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களை முன்கூட்டியே காப்பி செய்து வையுங்கள்.

அடுத்து, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். என்னுடன் வேலை பார்க்கும் ஒருவரின் அப்பா, ஓய்வு பெற்ற ஆசிரியர். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் கொடுத்தார். அங்கே 120 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸ் நிறுவி, பழைய ஹார்ட் டிஸ்க்கையும் "கிளீன்" செய்து டி டிரைவாகக் கொடுத்து விட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளின் கல்யாணப் போட்டோக்கள், இறந்து போன மனைவியின் குரல் பதிவு, எல்லாம் அதில் இருந்தன. "சார், ஸ்பீடு கேட்டீங்க, கொடுத்திட்டோம்" என்பதுதான் கடையின் பதில்.

நல்ல வேளையாக, வெறுமையான டி டிரைவைப் பார்த்தவுடனே அவர் கம்ப்யூட்டரை அணைத்து விட்டார். செய்யப்பட்டது குயிக் பார்மட். அது பைல்களின் அட்டவணையை மட்டும் நீக்கும். போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை இன்னொரு கம்ப்யூட்டரில் ஓட்டியபோது பெரும்பாலானவை திரும்பி வந்தன. பெயர்கள் வரவில்லை, எல்லாம் வெறும் எண்களாகத்தான் கிடைத்தன. அந்தக் குரல் பதிவைக் கண்டுபிடிக்க அவர் மூன்று நாட்கள் ஒவ்வொரு ஆடியோ பைலாகத் திறந்து கேட்டார். கிடைத்தது.

இதுவே எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் அனேகமாகக் கிடைத்திருக்காது. பைல் அழிக்கப்பட்டவுடன் விண்டோஸ் ட்ரிம் என்னும் கட்டளையை அனுப்பும். அந்த இடங்களை எஸ்.எஸ்.டி. தானாகவே துடைத்து விடும். விண்டோஸ் 7 வந்த 2009லிருந்தே இந்த வசதி உள்ளது. வேகத்திற்கு இது தேவை. ஆனால் தவறுதலாக அழித்தவருக்கு இரக்கம் காட்டாது. போட்டோக்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும் என நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். அதற்காக ஹார்ட் டிஸ்க் சாகாத ஒன்று என எண்ணி விட வேண்டாம். வெளியே வைக்கும் யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு காப்பி கட்டாயம் வேண்டும். கடைக்குக் கொடுக்கும் முன் அந்தக் காப்பியை எடுத்து, இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பார்த்து விட்டே கொடுங்கள்.

இப்போது சி டிரைவ் நிரம்பியவர்கள் செய்ய வேண்டியது. டி டிரைவில் முதலில் ஒரு புதிய போல்டரை உருவாக்குங்கள். பிக்சர்ஸ் போல்டரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, லொகேஷன் டேபில் மூவ் என்பதனைக் கிளிக் செய்து, அந்தப் புதிய போல்டரைக் காட்டுங்கள். டாகுமெண்ட்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றையும் இப்படியே, ஒவ்வொன்றுக்கும் தனிப் போல்டராக. டி டிரைவை மொட்டையாகக் காட்டி விடாதீர்கள். பிறகு அந்த முழு டிரைவையே விண்டோஸ் பிக்சர்ஸ் போல்டர் என்று நினைத்துக் கொள்ளும், பிரித்தெடுப்பது பெரும் தொல்லை. ஒன் டிரைவ் இந்தப் போல்டர்களை பேக்கப் செய்து கொண்டிருந்தால், அதனை முதலில் நிறுத்த வேண்டும். ப்ரோகிராம் பைல்ஸ், ஆப் டேட்டா ஆகிய இரண்டின் மீதும் கை வைக்க வேண்டாம்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கை மாற்றும் முன் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்றும் பாருங்கள். 2024ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் அது தானாகவே செயல்படத் தொடங்கும். 48 இலக்க ரெகவரி கீ உங்கள் அக்கவுண்டில் இருக்கும். அதனை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பயாஸில் எதையாவது மாற்றினால் கம்ப்யூட்டர் அதைத்தான் கேட்கும்.

மாற்றம் முடிந்த பிறகு, பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை உடனே நீக்க அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் அப்படியே விடுங்கள். பிரிண்டர், டைப்பிங், வங்கி வேலை எல்லாம் புதியதில் ஓடுகிறதா எனப் பார்த்து, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி ஒரு முறை பூட் செய்து பாருங்கள். அது இல்லாமலும் கம்ப்யூட்டர் எழுந்தால், டிஸ்க் மேனேஜ்மென்ட் சென்று, பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனில் உங்கள் பைல் எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்த பிறகு அதனை மட்டும் நீக்கலாம்.