அலமாரியின் பின்வரிசை

உபாத்தியாயர் வீட்டுப் புஸ்தக அலமாரியில் இரண்டு வரிசைகள் உண்டு. முன்வரிசை, வருகிறவர்கள் பார்ப்பதற்கு. பின்வரிசை, இராத்திரி பத்து மணிக்கு மேல் உபாத்தியாயர் படிப்பதற்கு. நமது முன்வரிசையில் கம்பரும் பரிமேலழகரும் ஷேக்ஸ்பியரும் கம்பீரமாக வீற்றிருக்கிறார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் முப்பது சிறு புஸ்தகங்கள் பதுங்கியிருப்பது சென்ற வாரம் வரையில் நமது இல்லத்தரசிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நமது மாணாக்கன் ஒருவன் அகராதி இரவல் கேட்டு வந்தான். "அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்" என்றோம். பையன் அகராதியை இழுத்தான். பின்னாலிருந்து பச்சை நிற ராக்ஷஸன் ஒருவன் அட்டைப் படத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "இதெல்லாம் யார் ஸார் படிக்கிறார்கள்?" என்று பையன் கேட்டான்.

"சிநேகிதர் ஒருவர் வைத்துவிட்டுப் போனார்" என்றோம்.

நேயர்களே! அது கலப்பில்லாத பொய். இதே பையன் சரித்திரப் புஸ்தகத்துக்குள் துப்பறியும் கதையை வைத்துப் படித்தபோது அவனை எழுந்து நிற்கச் சொல்லி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தவர்கள் நாம். ஆகையால் இந்த வாரம் பிராயச்சித்தம்.

அவை என்ன புஸ்தகங்கள்? இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனில் 1963-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி 'டாக்டர் ஹூ' என்ற தொடர் ஆரம்பமாயிற்று. நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டியைப் போன்ற ஒரு வாகனத்தில் ஏறிக்கொண்டு, சென்ற காலத்துக்கும் வருங்காலத்துக்கும் வேறு கிரகங்களுக்கும் யாத்திரை போகும் விசித்திரமான ஒரு மனிதரின் கதை. அந்த நாடகங்களை ஒவ்வொன்றாக நாவல் வடிவத்தில் எழுதி, மலிவுப் பதிப்பாக வெளியிட்டார்கள். நேற்றைய சாதத்தை இன்று தாளித்துப் பரிமாறுகிற காரியந்தான். ஆனால் தாளித்த பழைய சாதத்துக்கு என்று தனி ருசி இல்லையா? திருட்டு மாங்காயின் ருசியும் அதனுடன் சேர்ந்துகொண்டால் கேட்பானேன்!

முதற் புஸ்தகத்தை 1964-ல் டேவிட் விட்டேகர் எழுதினார். அந்தக் கதையைத் தன்மையில் சொல்லுகிறவர் இயான் செஸ்டர்டன். டெலிவிஷனில் அவர் ஸயன்ஸ் உபாத்தியாயர். உபாத்தியாயரைக் கதாநாயகராக்கும் ஆசிரியர்கள் உலகத்தில் மிகவும் சொற்பம். நமக்கு இந்தப் புஸ்தகத்தின் மேல் ஏற்பட்ட பக்ஷபாதத்துக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

1973 முதல் 'டார்கெட்' என்ற பிரசுரத்தார் இந்த வேலையை மேற்கொண்டார்கள். அவர்களுக்காக டெரன்ஸ் டிக்ஸ் என்பவர் அறுபதுக்கு மேற்பட்ட புஸ்தகங்கள் எழுதினார். பெரும்பாலும் 128 பக்கம். முதற் பக்கத்தில் ஆபத்து. கடைசிப் பக்கத்தில் க்ஷேமம். அந்த நீலப் பெட்டி வந்து இறங்கும் ஓசைக்கு அவர் இரண்டு சொற்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். புஸ்தகத்துக்குப் புஸ்தகம் அதே இரண்டு சொற்கள். எந்த மாணாக்கனாவது இப்படி வியாஸம் எழுதினால் சிவப்பு மையால் கோடு கிழித்திருப்போம். இவரிடமோ அந்தச் சொற்கள் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம்.

டெலிவிஷனில் பணமுடை அதிகம். அட்டைச் சுவர், ரப்பர் பூதம், கதவை அறைந்து சாத்தினால் குகையே ஆடும். புஸ்தகத்தில் சுவர் ஆடுவதில்லை. செலவு முழுவதையும் வாசகனின் மனம் ஏற்றுக்கொண்டு விடுகிறது. சில ஆசிரியர்கள் நாடகத்தில் இல்லாததையும் சேர்த்தார்கள். மால்கம் ஹல்க் என்பவரின் நாடகம் ஒன்று 1970-ல் ஒளிபரப்பாயிற்று. மனிதன் தோன்றுவதற்கு முன்பு பூமியை ஆண்ட ஊர்வன ஜாதியார் நீண்ட நித்திரையிலிருந்து விழித்தெழுகிறார்கள் என்பது கதை. 1974-ல் அதையே நாவலாக்கியபோது, அவர் அந்த ஜாதியாரின் மனத்துக்குள் புகுந்து கதையைத் தொடங்கினார். குடியிருந்த வீட்டில் அந்நியர் புகுந்துவிட்ட துக்கம் அவர்களுடையது. பூதம் என்று நாம் எண்ணியது வீட்டுக்காரராக மாறிவிடுகிறது.

அமெரிக்காவிலும் இதே வியாபாரம் நடந்தது. 'ஸ்டார் டிரெக்' தொடரை 1967 முதல் சிறுகதைகளாகத் தொகுதி தொகுதியாக எழுதியவர் ஜேம்ஸ் பிளிஷ். அவர் 1959-ல் தமது சொந்த நாவலுக்காக 'ஹ்யூகோ' பரிசு பெற்ற பெரிய எழுத்தாளர். அப்பேர்ப்பட்டவரே தாளிக்கும் கரண்டியைக் கையில் எடுத்திருக்கும்போது, சாப்பிடுகிற நாம் ஏன் ஒளிய வேண்டும்?

ஆனால் நாம் இந்த வாரம் பேனாவை எடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. பி.பி.சி.யார் 1960-களிலும் 70-களிலும் பழைய நாடகங்களைத் தாங்களே அழித்தார்கள். நாடாவின் விலை அதிகம். ஒன்றை அழித்து அதன்மேல் வேறொன்றைப் பதியலாம். நடிகர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு. நாடகத்தை வீட்டிலே வாங்கி வைத்துப் பார்க்கும் காலம் வரும் என்று அப்போது எண்ணியவர்கள் சொற்பம். 'டாக்டர் ஹூ' நாடகம் ஒன்று வீட்டுக் காஸெட்டாக விலைக்கு வந்தது 1983-ல்தான். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகள் போய்விட்டன. ஒரு சனிக்கிழமை மாலையைத் தவறவிட்ட பிள்ளைக்குக் கிடைத்தது சில்லறைக் காசுக்கு விற்ற இந்தப் புஸ்தகம்.

லண்டன் சுரங்க ரயில் பாதைக்குள் பனி மனிதர்கள் புகுந்துவிடும் கதை ஒன்று 1968-ல் ஆறு பகுதிகளாக வந்தது. ஐந்து பகுதிகளுக்குப் படம் இல்லாமற் போயிற்று. டிக்ஸ் 1976-ல் அதை நாவலாக எழுதினார். 2013-ல் நைஜீரியா தேசத்து டெலிவிஷன் நிலையம் ஒன்றில் படச் சுருள்கள் அகப்பட்ட செய்தி வெளியாயிற்று. இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய பகுதிகள் திரும்பி வந்தன. மூன்றாவது மட்டும் அந்தச் சுருள்களில் இல்லை. லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரி, பிற்காலத்தில் டாக்டரின் பிராண சிநேகிதராகப் போகிறவர், முதன்முதலாக முகம் காட்டுவது அந்த மூன்றாம் பகுதியிலேதான்! அதன் ஓசை மிஞ்சியிருக்கிறது. அக்காலத்து ரஸிகர்கள் டெலிவிஷன் பெட்டியின் அருகில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்து வைத்த புண்ணியம். ஓசையில் இல்லாத இருட்டையும் முகத்தையும் டிக்ஸின் மலிவுப் புஸ்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

இவை உயர்ந்த இலக்கியம் என்று சாதிக்க நாம் தயாராயில்லை. சென்ற இரவு அந்தச் சுரங்கக் கதையை மறுபடி எடுத்தோம். எட்டாம் வகுப்பு நடை. ஆட்களின் பெயரை மாற்றிப் போட்டாலும் பேச்சில் பேதம் தெரியாது. இவ்வளவையும் குறித்துக்கொண்டே மணி ஒன்றரை வரையில் படித்தோம். "நாளை பரீட்சைத் தாள் திருத்த வேண்டாமா?" என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகே விளக்கை அணைத்தோம்.

நாளை மாலை பையன் அகராதியைத் திருப்பிக் கொடுக்க வருகிறான். சுரங்கக் கதையை முன்வரிசைக்குக் கொண்டு வந்து வைத்திருக்கிறோம். பரிமேலழகருக்குச் சற்று இட நெருக்கடிதான்.